அடுப்பின் நான்கு கற்கள்

புதைபொருள் ஆராய்ச்சி என்ற சொல்லை நாம் வெகுகாலம் புழங்கிவந்தோம். இப்போது தொல்லியல் என்கிறோம், அகழாய்வு என்கிறோம். எனக்கு அந்தப் பழைய சொல்தான் பிடித்திருந்தது. பொருள் கீழே இருக்கிறது, அதன்மேல் காலம் மண்ணாகக் கவிந்திருக்கிறது, சிரத்தையோடு தோண்டினால் அகப்படும் என்ற ஒரு நம்பிக்கை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. இலக்கிய விமர்சனத்திலும் இந்த நம்பிக்கையை வைத்துத்தான் நாம் காரியம் நடத்துகிறோம். ஆழம் என்கிறோம், அடியோட்டம் என்கிறோம். மேலோட்டமானது என்றால் அது வசவு. இந்தச் சொற்கள் செல்லுபடியாகாத ஓர் இடம் பூமியில் இருக்கிறது. க்ரீன்லாந்தின் வடகோடியில் பியரி லாந்து என்று ஒரு பிரதேசம். அங்கே ஏறக்குறைய 4,500 வருஷங்களுக்கு முன் மனிதர்கள் குடியிருந்த வீடுகள் புதையவே இல்லை.

வடக்கு அட்சரேகை 82 டிகிரிக்கும் மேலே இருக்கும் நிலம் அது. க்ரீன்லாந்து என்றதும் நமக்குத் தோன்றும் பெரும் பனிப்பாளம் இதன் பெரும்பகுதியை மூடவில்லை. அதற்குக் காரணம் வெப்பமல்ல, வறட்சி. பனி பெய்வதே சொற்பம். பாலைவனம் என்ற சொல்லை இங்கே தயக்கமில்லாமல் உபயோகிக்கலாம். செடி வளர்ந்து அழுகி மண்ணாவது மிக மிக மெதுவாக நடக்கிறது. மண் சேராத இடத்தில் மூடுவதற்கு என்ன இருக்கிறது? கூடாரத்தின் தோல் விளிம்பு காற்றில் எழாதபடி பாரமாக வைத்த கற்கள், கூடாரத்தை அவிழ்த்துக்கொண்டு போன பிறகும் வைத்த வட்டத்திலேயே கிடக்கின்றன. ஆய்வாளன் விரற்கடை ஆழம் சரளையைக் கிளறுகிறான், சலிக்கிறான், அளக்கிறான், வரைகிறான். இதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது கவிஞரான நண்பர் ஒருவர், “அப்படியானால் அங்கே தோண்டுகிறவனுக்கு வேலையே இல்லையே, பார்க்கிறவனுக்குத்தான் வேலை” என்றார். அவர் வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் விஷயம் அதுதான்.

இன்னொரு விசேஷமும் உண்டு. பழமை கீழே, புதுமை மேலே என்பது நமக்குப் பழகிய கணக்கு. அங்கே கணக்கு தலைகீழ். பனியுகத்தின் பாரம் விலகியதிலிருந்து நிலம் கொஞ்சம் கொஞ்சமாக மேலெழும்பிக்கொண்டிருக்கிறது. இன்றைய கரைக்கு மேலே நேற்றைய கரை, அதற்கு மேலே அதற்கு முந்தைய கரை என்று சரளை மேடைகள் படிப்படியாக ஏறுகின்றன. கடலையொட்டிக் குடியிருந்தவர்களின் வீடுகளில் பொதுவாக மிகப் பழையவை உயரத்திலும் பிந்தியவை தாழ்விலும் இருக்கின்றன. காலத்தில் பின்னோக்கிப் போக விரும்புகிறவன் குழிக்குள் இறங்குவதில்லை, மேட்டில் ஏறுகிறான். இந்த ஒரு விவரத்தைப் படித்த அன்று எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. உருவகமாக எடுத்துக்கொள் என்று அது கையை நீட்டியது. உருவகமாக்காமல் விட்டுவிடுவதுதான் மரியாதை என்று பட்டது.

வீடு இப்படி இருக்கிறது. மூன்று நான்கு மீட்டர் அகலத்தில் ஏறத்தாழ நீள்வட்டமான ஒரு கல் வளையம். அதன் நடுவில், முன்னிருந்து பின்னாக, இரண்டு வரிசையாகப் பலகைக் கற்களை விளிம்பில் நிறுத்தி நட்டிருக்கிறார்கள். இரு வரிசைக்கும் நடுவே ஒரு குறுகிய பாதை. அந்தப் பாதையின் மத்தியில் நான்கு கற்களால் அடைத்த ஒரு பெட்டி; அதுதான் அடுப்பு. பாதைக்கு இரண்டு பக்கமும் உட்காரவும் படுக்கவும் இடம். கரித்துண்டு கொஞ்சம், வெந்து பிளந்த கற்கள், கஸ்தூரி எருது, முயல், நரி, பறவை, மீன் இவற்றின் எலும்புகள், கல்லில் உரித்தெடுத்த மெல்லிய தகடுகள், செதுக்குளிகள், காதுள்ள எலும்பு ஊசிகள். க்ரீன்லாந்தின் மேற்குக் கரையில் அதே காலத்தில் இருந்தவர்களிடம் கல்லைக் குடைந்து செய்த கொழுப்பு விளக்கு இருந்தது. இவர்களிடம் அது அகப்படவில்லை. வெளிச்சமும் வெப்பமும் அந்த நான்கு கற்களுக்கு நடுவிலிருந்தே வரவேண்டியிருந்தது.

இதையெல்லாம் பார்த்துச் சொன்னவர் ஐகில் க்னூட். டென்மார்க்காரர், 1903இல் பிறந்து 1996இல் இறந்தவர். சிற்பி. தொல்லியலுக்கு அவர் வந்தது பிற்பாடுதான். 1936இல் பிரெஞ்சுக்காரரான போல்-எமில் விக்தோர் குழுவோடு க்ரீன்லாந்துப் பனிப்பாளத்தைக் குறுக்கே கடந்தவர்களில் அவரும் ஒருவர். க்ரீன்லாந்து மக்களின் முகங்களைச் சிற்பமாகச் செய்திருக்கிறார். 1947 முதல் 1950 வரை பியரி லாந்துக்குப் போன டேனிஷ் குழுவின் தலைவர் அவர். ப்ரன்லுண்ட் ஃபியார்டு என்னும் கடல் இடுக்கின் ஓரத்து மேடைகளில் 1948இல் இந்த வீடுகளைக் கண்டார். அதற்குப் பிறகு முதுமை வரை திரும்பத் திரும்ப அங்கேயே போய்க்கொண்டிருந்தார். அவருடைய குறிப்புகளையும் வரைபடங்களையும் ஒழுங்குசெய்து, ‘பூகோளத்தின் வடகோடிச் சிதைவுகள்’ என்று பொருள்படும் பெரிய தொகுதியாக ப்யார்ன க்ரன்னோவும் யென்ஸ் ஃபோக் யென்சனும் 2003இல் வெளியிட்டார்கள். சிற்பி என்பதால்தான் அவரால் பார்க்க முடிந்தது என்று ஒரு சௌகரியமான முடிவுக்கு வர எனக்கும் ஆசைதான். அப்படிச் சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் கல் தானாக விழுந்து கிடப்பதற்கும் ஒருவன் நிறுத்தி வைத்ததற்கும் உள்ள வித்தியாசம் அவருடைய தொழிலில் முதல் பாடமாக இருந்திருக்கும். அந்தச் சரளை வெளியில் கல்லைத் தவிர வேறெதுவும் இல்லை என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

பெயர் விவகாரம் ஒன்று இருக்கிறது. இந்த மக்களுக்கு க்னூட் வைத்த பெயர் இன்டிபென்டன்ஸ் ஒன்று. அதே பிரதேசத்துக்குப் பிந்தி வந்தவர்கள் இன்டிபென்டன்ஸ் இரண்டு. ஏதோ ராஜ வம்சம் போல இலக்கம். பக்கத்திலுள்ள இன்டிபென்டன்ஸ் ஃபியார்டை வைத்து வந்த பெயர் அது. ஃபியார்டுக்கு அந்தப் பெயர் வந்தது, அமெரிக்கரான ராபர்ட் பியரி 1892 ஜூலை 4 அன்று அங்கே வந்து நின்றதால். அவருடைய நாட்டின் சுதந்திர தினம். எகிப்தில் பிரமிடுகள் எழுந்துகொண்டிருந்த காலத்தில் வாழ்ந்தவர்கள் 1776ஆம் வருஷத்து அரசியல் சம்பவம் ஒன்றின் பெயரைச் சுமந்துகொண்டு நிற்கிறார்கள். பியரி அங்கிருந்து பார்த்துவிட்டு ஒரு கால்வாய் இருப்பதாக வரைபடத்தில் குறித்தார். அப்படி ஒரு கால்வாய் கிடையாது. அந்த வரைபடத்தை நம்பிய டேனிஷ் பயணத்தில் 1907இல் மூன்று பேர் செத்தார்கள்: மிலியுஸ்-எரிக்சன், ஹோக் ஹாகன், யோர்கென் ப்ரன்லுண்ட். ப்ரன்லுண்ட் க்ரீன்லாந்துக்காரர். கடைசியாக இறந்தவர் அவர். 1908இல் அவர் உடலோடு ஹாகனின் வரைபடங்களும் அவருடைய நாட்குறிப்பும் கிடைத்தன. நாட்குறிப்பைத் தன் மொழியில் எழுதிவந்தவர், கடைசிக் குறிப்பை டேனிஷில் எழுதியிருந்தார். கண்டெடுக்கப்போகிறவர்கள் யார் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தக் கடைசிக் குறிப்பை நான் வெகுநேரம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வாசகன் யார் என்ற கேள்வியை நாமெல்லோரும் சாவகாசமாக, காப்பி குடித்துக்கொண்டு விவாதித்திருக்கிறோம். ப்ரன்லுண்டுக்கு அது விவாதமாக இல்லை. அவருடைய பெயர் தாங்கிய ஃபியார்டின் ஓரத்தில்தான், யாருக்காகவும் எதையும் எழுதி வைக்காதவர்களின் வீடுகள் இருக்கின்றன.

காலத்தைக் கணித்த கதையையும் சொல்ல வேண்டும். கார்பன் 14 முறை 1949இல் வெளியுலகுக்குத் தெரிந்தது. எரிந்த துண்டு எதுவானாலும் அதில் மிஞ்சியிருக்கும் கார்பனைக் கொண்டு அது உயிரோடிருந்த காலத்தைச் சொல்லிவிடலாம். ஆனால் பியரி லாந்தில் மரம் கிடையாது. ஜாண் உயரம்கூட எழும்பாமல் தரையோடு படரும் துருவ வில்லோ ஒன்றுதான். பெரிய விறகென்றால் கடல் கொண்டுவந்து போட்ட கட்டை. சைபீரியாவின் பெருநதிகள் அடித்துக்கொண்டு வந்து, துருவக் கடலின் பனியோடு வருஷக்கணக்கில் நகர்ந்து, கரையில் ஒதுங்கி, அந்தக் குளிரில் மட்காமல் எத்தனையோ காலம் கிடந்த மரம். அதை ஒருவன் எடுத்து எரித்தால், கரித்துண்டு சொல்வது மரம் செத்த காலத்தை. தீ மூட்டிய காலத்தை அல்ல. கடல் பிராணியின் கொழுப்பு எரிந்திருந்தாலும் இதே தொல்லை, அது தன் வயதைக் கூட்டிச் சொல்லும். அதனால் ஆய்வாளர்கள் கடற்கட்டையின் கரியைவிட வில்லோச் சுள்ளியின் கரியையும் கஸ்தூரி எருதின் எலும்பையும் நம்புகிறார்கள். அங்கேயே பிறந்து, அங்கேயே செத்து, சீக்கிரமே அடுப்புக்கு வந்த பொருள்தான் சாட்சியாக லாயக்கு. இப்படிப் பார்த்துப் பார்த்துக் கிடைத்த காலம், கி.மு. 2500 வாக்கில் தொடங்கி கி.மு. 1900 வாக்கில் முடிகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் கல், எலும்பு, கரி. இனி வருவது குளிர்காலம். அந்த அட்சரேகையில் சூரியன் அக்டோபர் மத்தியில் மறைந்தால் பிப்ரவரி இறுதியில்தான் திரும்பும். ஏறக்குறைய நான்கரை மாதம் சூரியன் எழுவதில்லை. அதில் பெரும்பகுதி முழு இருட்டு. விளக்கு இல்லை. விறகு சொற்பம். இவர்கள் அந்த மாதங்களை எப்படிக் கழித்திருப்பார்கள்? க்னூட் ஒரு யூகம் சொன்னார். இலையுதிர்காலத்து வேட்டையின் இறைச்சியையும் விறகையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, கஸ்தூரி எருதின் தடித்த தோல்களுக்கடியில், முடிந்தவரை அசையாமல், பாதி உறக்கத்தில் இருந்திருப்பார்கள் என்று. கனடாவின் ராபர்ட் மக்கீ 1996இல் எழுதிய புத்தகத்தில் இதை எடுத்துக்கொண்டு இன்னும் விரித்து எழுதினார். பிறகு வந்தவர்கள் எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் இந்த மக்களைப் பற்றி யார் பேசினாலும் முதலில் சொல்வது இதைத்தான். ஏனென்றால் இது கதை. கல் வளையத்தையும் எலும்புகளையும் மறந்துவிடுகிறவன்கூட, கரடி போல் குளிர்காலம் முழுக்கத் தூங்கிய மனிதர்களை மறக்கமாட்டான்.

இந்த யூகத்தோடு எனக்கு ஒரு பிணக்கு உண்டு. அதன் வேர் தொல்லியலில் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் தொடர்ந்தாற்போல் ஐந்து வருஷம் நான் எதுவும் எழுதவில்லை. நம்முடைய வட்டம் சிறியது. ஒருவன் எழுதாமலிருப்பதும் அதில் ஒரு செய்திதான். வற்றிவிட்டான் என்று ஒருவர் எழுதினார். வேறொருவர், என்மேல் பிரியமுள்ளவர், அது கனிந்த மௌனம் என்றும், அதிலிருந்து பெரிய படைப்பு வரும் என்றும் ஒரு கூட்டத்தில் பேசினார். இரண்டையும் நான் மறுக்கவில்லை. அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார். இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வரும். கஞ்சியைக் கரண்டி கரண்டியாக, புரையேறாமல், ஒவ்வொரு வாய்க்கும் அவர் விழுங்கிவிட்டாரா என்று தொண்டையைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும். துணி அலச வேண்டும். இரவில் அவர் கூப்பிடுவார்; சொல் வராது, ஒரு சத்தம்தான் வரும்; அந்தச் சத்தத்திலேயே தாகத்துக்கொன்று, வலிக்கொன்று, பயத்துக்கொன்று என்று பிரித்துத் தெரிந்துகொண்டிருந்தேன். அந்த ஐந்து வருஷத்தில் எனக்குக் குறைவாக இருந்தது தூக்கம்தான். அதற்கெல்லாம் தடயம் என்ன? எதுவுமில்லை. தினம் செய்து தினம் அழிகிற வேலை அது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு ஒரு வெற்றிடம் தெரிந்தது. வெற்றிடத்தைச் சும்மா விட மனசில்லாமல் அவரவர் குணத்துக்கேற்ப நிரப்பினார்கள்.

அதனால் க்னூட்டின் யூகத்தைப் படித்தபோது, இவர்கள் தூங்கவில்லை என்று எனக்கு உடனே சொல்லத் தோன்றியது. சாட்சிக்கும் ஆளைத் தேடினேன். அடுப்பைச் சுற்றிக் கிடைத்தவற்றில் நகக்கண் அளவே இருக்கும் கல் சிம்புகள் உண்டு. செதுக்குளியின் முனை மழுங்கும்போது ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் ஒரு சிம்பு தெறித்து விழும். உளி மறுபடி கூர்மையாகும். ஒவ்வொரு சிம்புக்கும் பின்னால் எலும்பிலோ கொம்பிலோ செதுக்கிக்கொண்டிருந்த ஒரு கை இருக்கிறது. ஊசியைப் பாருங்கள். அவ்வளவு மெல்லிய ஊசியால் தைத்தவள் கையுறையின் தையல் வழியாகக் காற்று புகாதபடி நெருக்கித் தைத்திருக்கிறாள். அந்த நிலத்தில் தையல் பிரிந்தால் விரல் போகும். இவர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள், விழித்திருந்தார்கள், ஒருவரையொருவர் கவனித்துக்கொண்டிருந்தார்கள் என்று எழுதிவிட ஆசையாக இருக்கிறது.

ஆனால் சிம்பு எந்த மாதத்தில் விழுந்தது என்று சிம்பு சொல்வதில்லை. ஊசி ஆகஸ்டிலும் ஓடியிருக்கலாம், ஜனவரியிலும் ஓடியிருக்கலாம். அவர்களை உறங்கவைத்த யூகத்துக்கு இருக்கும் அதே அளவு ஆதாரம்தான் விழிக்கவைக்க விரும்பும் என் யூகத்துக்கும். விமர்சனத்தில் இது தினசரி நடப்பது. கவிதையில் இரண்டு வரிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியில் நம் சொந்த வாழ்க்கையை ஊற்றிவிட்டு, நிரம்பியிருக்கிறது பாருங்கள் என்கிறோம். ஊற்றாமல் வாசிக்கவும் முடியாது என்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன். ஊற்றியது எது, இருந்தது எது என்ற பிரக்ஞை ஊற்றுகிறவனுக்கு இருக்க வேண்டும் என்பதற்கு மேல் இதில் விதி எதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

இருந்தது எது என்று கேட்டால், வடிவம் இருந்தது. கி.மு. 1900க்குப் பிறகு பியரி லாந்தில் ஆள் நடமாட்டம் இல்லை. ஏறக்குறைய ஆயிரம் வருஷம். அதற்குப் பின் இன்டிபென்டன்ஸ் இரண்டு மக்கள் வருகிறார்கள். அவர்களுடைய ஆயுதங்கள் வேறு மாதிரி. ஆனால் வீட்டுக்குள் அதே ஏற்பாடு: நடுவில் இரண்டு வரிசைக் கல், மத்தியில் அடுப்பு. துருவக் கனடாவின் பல இடங்களிலும் இதே நடுப்பாதை பல நூற்றாண்டுகளுக்குத் தொடர்ந்து தென்படுகிறது. ஆயிரம் வருஷ இடைவெளிக்குப் பின் அதே வடிவத்தோடு ஒருவன் வருகிறானென்றால், இடையில் வேறெங்கோ யாரோ அதை விடாமல் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அடுப்பை நடுவில் வைக்க உஷ்ணம் ஒரு காரணம், சரி. இருபுறமும் கல்லை நட்டு, வாசலிலிருந்து பின்சுவர் வரை ஒரு பாதையாக அதை வகுப்பதற்கு உஷ்ணம் மட்டும் காரணமாக முடியாது. ஸ்காண்டிநேவியாவின் சாமி மக்களுடைய கூடாரத்தில் இதே மாதிரி நடுப்பாதை உண்டு. அடுப்புக்குப் பின்னாலுள்ள பகுதிக்கு போஆஷ்ஷு என்று பெயர். அது புனிதமான இடம், கண்டபடி தாண்டக்கூடாது. இந்த ஒற்றுமையை ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். நாலாயிரம் வருஷத்தையும் அத்தனை தூரத்தையும் ஒரே தாவலில் கடந்து அங்கிருந்த அர்த்தத்தைத் தூக்கி இங்கே வைத்துவிட முடியாது. ஆனால் உருவம் வெறும் பாத்திரம், உள்ளடக்கம்தான் விஷயம் என்று நம்மிடையே வாதிப்பவர்கள் இந்த இரண்டு வரிசைக் கற்களைக் கொஞ்சநேரம் பார்க்கலாம். உள்ளடக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சு, பாட்டு, சண்டை, குழந்தைக்கு வைத்த பெயர் எல்லாம் போய்விட்டன. வடிவத்துக்குள் ஒரு நினைப்பு இருந்திருக்கிறது என்பது மட்டும் கல்லில் நிற்கிறது.

விஞ்ஞானம் வேறு வழியிலும் போயிருக்கிறது. க்ரீன்லாந்தின் மேற்குக் கரையில் கெகெர்டாசுசுக் என்ற இடத்தில், இவர்களுக்கு உறவான சகாக் மக்களின் குடியிருப்பை 1980களில் அகழ்ந்தார்கள். அங்கே மண் உறைந்திருந்தது. அழுகாமல் பல விஷயங்கள் தங்கியிருந்தன. அவற்றில் ஒரு கற்றை மனிதத் தலைமுடி. அதிலிருந்து 2010இல் ஒருவனுடைய மரபணுத் தொகுதியையே படித்துவிட்டார்கள். சுமார் 4,000 வருஷத்துக்கு முந்தையவன். பழுப்புக் கண்கள். ரத்தம் ஏ பாஸிட்டிவ். வழுக்கை விழும் கூறு உண்டு. முன்னோர்கள் சைபீரியாவிலிருந்து வந்தவர்கள். 2014இல் வந்த இன்னொரு ஆய்வு, இந்த முதற்குடிகள் ஏறக்குறைய 4,000 வருஷம் தனியொரு ஜனமாகத் துருவத்தில் வாழ்ந்து, சுமார் 700 வருஷத்துக்கு முன் மறைந்தார்கள் என்றது. அவர்களோடு தொடர்புள்ள ரத்தத்தின் ஓர் இழை வட அமெரிக்கப் பழங்குடிகள் சிலரிடம் இருப்பதாக 2019இல் ஓர் ஆய்வு சொல்கிறது. ரத்தம் எப்படியும் போகட்டும். அவர்கள் மொழி இல்லை. “எங்கள் பாட்டி அப்படிச் சொல்லவில்லை” என்று நம் வியாக்கியானத்தைத் திருத்த ஓர் ஆள் இல்லை. நான் எழுதாதிருந்த வருஷங்களைப் பற்றித் தப்பாக எழுதியவருக்கு ஒரு கார்டு போட்டு மறுக்க நானாவது இருந்தேன். போடவில்லை என்பது வேறு விஷயம். இவர்களைப் பற்றி என்ன சொன்னாலும் மறுப்பு வராது. மறுப்பு வராத இடத்தில்தான் வாசிப்பவனின் நேர்மைக்குச் சோதனை.

க்னூட்டின் யூகத்தை விமர்சிக்கிறேனே தவிர, அவரிடம் எனக்கு வருத்தமில்லை. தூங்கினார்கள் என்று அவர் யூகமாகத்தான் சொன்னார். ஆனால் ஒவ்வொரு கல்லையும் இருந்தபடி அளந்து வரைந்து வைத்துவிட்டுச் சொன்னார். யூகத்தை நிராகரிக்கிறவனுக்கும் வரைபடம் மிஞ்சுகிறது. நம்முடைய விமர்சனங்களில் எத்தனைக்கு இதைச் சொல்ல முடியும்? அபிப்பிராயத்தை எடுத்துவிட்டால் அடியில் பிரதியின் ஒரு கோடாவது மிஞ்சுமா?

அந்த வரைபடங்களைப் பார்ப்பதில் எனக்கு அலுப்பதில்லை. வளையம், இரண்டு வரிசை, நடுவில் பெட்டி. நடுப்பாதையின் அகலம் வீட்டுக்கு வீடு கொஞ்சம் மாறுகிறது. ஒரு முழத்திலிருந்து இரண்டு முழத்துக்குள் இருக்கும். பாதையின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்தால் நடுவில் தீ. கையை நீட்டினால் எதிரிலிருப்பவருக்கு ஒரு துண்டு இறைச்சியைக் கொடுத்துவிடலாம். கொடுத்தார்களா, பேசினார்களா, உறங்கினார்களா என்பதை விட்டுவிடலாம். அவர்களுக்கு நடுவே இருந்த தூரம் தெரியும். அதை ஒருவர் மண்டியிட்டு அளந்து எழுதி வைத்திருக்கிறார்.